அறுந்தது எது?

நமது தோட்டப்புறங்களில் ஒரு பொருள் பழுதுபட்டால் முதலில் எழும் கேள்வி, "யார் கெடுத்தது?" என்பதே. விளக்கு அணைந்தால் வயர்மேனைக் குறை கூறுவோம். குழாய் வறண்டால் பம்பு ஓட்டுபவரைத் தேடுவோம். சம்பளக் கணக்குப் பிழைத்தால் கிராணியைத் திட்டுவோம். நானும் ஒரு கிராணியாதலின் கடைசியாகச் சொன்ன வசவு எனக்குப் பழக்கமானதே. ஆயினும், பழுதைத் தேடாமல் ஆளைத் தேடுகின்ற அவ்வழக்கம் என்னிடத்தும் வேரூன்றியிருந்தது என்பதைச் சென்ற ஆண்டு ஒரு மழை நாளிரவில் என் வீட்டுக் கணினி எனக்குக் காட்டிக்கொடுத்தது. அந்நிகழ்ச்சியில் எனக்குப் பெருமை தருவது யாதொன்றும் இல்லை. எனினும் இணையத் தொடர்பு இன்று லயத்து வீடுகளையும் எட்டிவருகின்ற காலமாதலால், என் தவறு நேயர்களுள் சிலருக்கேனும் வழிகாட்டியாகக் கூடும் என்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். நான் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதிப் பிழைப்பவன். வயது முப்பத்தைந்தாகிறது. இந்நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கிய 2003ஆம் ஆண்டில், நான் இடைநிலைப் பள்ளியில் காலெடுத்து வைத்தேன். பின்னர்ப் படித்த கல்லூரியிலும் எல்லாம் ஆங்கிலமாகவே இருந்தது. ஆகவே, அறிவு என்பது ஆங்கில உடை உடுத்தே என்னிடம் வந்தது. தமிழ் என் தாயாரிடமிருந்தும் வார ஏடுகளிலிருந்தும் வந்தது. "ஆங்கிலம் படித்த கிராணி" என்று தோட்டத்தார் என்னைக் குறிப்பிடுவார்கள். அச்சொல் காதில் விழும்போது நான் அதனை மறுத்ததில்லை.

என் பாட்டனார் பால்மரம் சீவியவர். கிராணியின் வீட்டைக் கடக்கும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி, அதனைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டுமென்ற வழக்கம் அவர் காலத்தில் இருந்தது. வண்டியில் அமர்ந்தபடியே சென்றால் மறுநாள் பெரட்டில் வேலை கிடையாது. இக்கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்தபின், "நீ கிராணியானால் எவரையும் இறங்கச் சொல்லாதே" என்பார். நான் எவரையும் வண்டியிலிருந்து இறங்கச் சொன்னதில்லை என்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்களெல்லாம் இணையத்திற்குப் போயின. அதுவரை எங்கள் தோட்டத்தில் கைபேசிச் சமிக்ஞை ஒன்றே உண்டு. அதுவும் கோயில் மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். அவ்வாண்டின் இறுதியில் பெருஞ்சாலைவரை வந்திருந்த ஒளியிழைக் கம்பியை அலுவலகத்திற்கும், அதனையடுத்த என் வீட்டிற்கும் இழுத்துக்கொடுத்தார்கள். லயத்திற்கு அது போகவில்லை. என் வீட்டோடு நின்றது. அதன்பின் பள்ளிப் பிள்ளைகள் மாலை வேளையில் என் வீட்டு முன்கூடத்திற்கு வந்து, பயிற்சித் தாள்களை இறக்கி அச்செடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் ஒரு சிறுவன் மைலோக் குவளையை விசைப்பலகையின்மேல் கவிழ்த்துவிட்டான். அன்றே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் அடியில் ஒட்டினேன். ஆங்கிலத்திலேதான் எழுதினேன், "தொடாதே" என்பது அதன் பொருள். அதுமுதல் பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று, வேண்டியதை வாயால் சொல்வார்கள், நான் தட்டிக்கொடுப்பேன்.

நிற்க. அன்றைய தினம் பிற்பகல் மூன்று மணிக்கு இடியும் மின்னலுமாக மழை பிடித்துக்கொண்டது. மின்னல் மிகுதியாக விழும் நாடுகளுள் மலேசியாவும் ஒன்று என்பது எல்லோரும் அறிந்ததே. ஆகையால் அறிவாளியின் கடமையைச் செய்வதாக எண்ணி, கணினியின் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்தேன். ரவுட்டரைத் தொடவில்லை, என் மனைவி கைபேசியில் தன் தமக்கையுடன் பேசிக்கொண்டிருந்தாள்.

இரவு ஏழரை மணிக்கு அறுவடைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அப்பெண் ஐந்தாம் படிவத் தேர்வெழுதித் தேறியவள். அரசாங்க முன்பல்கலைக்கழக வகுப்பொன்றிற்கான விண்ணப்பம் அன்றிரவு 11.59க்கு முடிவடைவதாயிருந்தது. படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தாள். சான்றிதழ்களின் பிரதிகளை முந்தின வாரம் நானே படமெடுத்து என் கணினியில் சேமித்திருந்தேன். எஞ்சியிருந்தது அரைமணி நேர வேலை.

"மழையினால் தாமதமாகிவிட்டது, கிராணி ஐயா," என்றார் தந்தை.

"அண்ணே, இன்றைக்குத்தான் கடைசி நாள்," என்றாள் பெண்.

"அண்ணன் என்ன அண்ணன்? ஐயா என்று சொல்," என்று தந்தை அவளை அடக்கினார். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

செருகியைச் செருகி விசையை அழுத்தினேன். கரிய திரையில் வெள்ளை எழுத்துகளில் இரண்டு வரி ஆங்கிலம் தோன்றிற்று. ஒரு விசையை அழுத்தினால் மேற்செல்லலாம் என்பது அதன் முடிவு. முடிவை மட்டும் படித்து, விசையை அழுத்தி மேற்சென்றேன். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் வரவில்லை, சிவந்த அடையாளமொன்றும் அதன்கீழ் ஏதோ அறிவிப்பும் வந்தன. அதனை மூடினேன். செய்தித்தாள் ஒன்றின் பக்கத்தைத் திறந்தேன், அதே சிவப்பு. வங்கியின் பக்கமும் அவ்வாறே. "இணையம் போய்விட்டது," என்று தீர்ப்புச் சொன்னேன்.

தீர்ப்புக்குப்பின் குற்றவாளி வேண்டுமன்றோ? என் எட்டு வயது மகன் விளையாட்டுகளை இறக்கிக் கணினியைக் கெடுத்துவிட்டான் என்று அவனைக் கடிந்தேன். அவன் அன்று காலைமுதல் அதன் பக்கமே போகவில்லை என்று அழுதான். பின்னர் மழையைக் குறை கூறினேன். அதன்பின் தொடர்பு வழங்கும் நிறுவனத்தாரை ஏசினேன். பதினைந்து நிமிடம் இவ்வாறு கழிந்தது. வாயில் நின்ற தந்தை ஒவ்வொன்றுக்கும் "ஆமாம் ஐயா, ஆமாம் ஐயா" என்று தலையசைத்தார்.

பின்னர்ச் செயலில் இறங்கினேன். கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். கணினியை அணைத்து ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் அக்கரிய திரையின் வெள்ளை எழுத்துகளைப் படியாமலே கடந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. இறுதியில், ரவுட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருப்பது நினைவுக்கு வந்தது. தாள் பற்றும் கம்பியை நிமிர்த்தி அத்துளையில் நுழைத்துப் பத்து விநாடி அழுத்தினேன். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து, மறுபடியும் எரிந்தன. ஆனால் இணையத்தைக் குறிக்கும் விளக்கு மட்டும் எரியவில்லை.

அப்போது உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "என்ன செய்தீர்கள்? சற்று முன்வரை என் கைபேசியில் நன்றாக வந்துகொண்டிருந்ததே, இப்போது நின்றுவிட்டது," என்றாள்.

அவ்வொரு வாக்கியம் என் தலையில் விழுந்த செம்பனைக் குலைபோல் இருந்தது. கைபேசியில் வந்துகொண்டிருந்தது என்றால், ரவுட்டரும் வெளிக்கம்பியும் செவ்வையாக இருந்தன என்பது பொருள். பழுது கணினியோடு நின்றிருந்தது. அதனை நான் கேட்டறியவில்லை. பக்கத்து அறையில் இருந்தவளைக் கேட்டால் ஒரு விநாடியில் தெரிந்திருக்கும். நலமாயிருந்த ரவுட்டரை என் கையாலேயே ஊமையாக்கிவிட்டேன். ரவுட்டரை அணைத்து ஏற்றுவது வேறு. அத்துளையை அழுத்துவது வேறு. முன்னது உறங்கி எழுவதைப் போன்றது. பின்னது பெயரையும் ஊரையும் மறந்து பிறந்த குழந்தையாவதைப் போன்றது. நிறுவனத்தார் முதல் நாளில் அதற்குள் எழுதிவைத்த பயனர் பெயர், கடவுச்சொல் முதலிய யாவும் அழிந்துபோயின. ஒரு பழுது இரண்டாயிற்று. இரண்டாவது நான் செய்தது.

மணி எட்டேகால். தந்தை, "போகட்டும் ஐயா, அவளுக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்," என்றார். அச்சொல்லை நான் மறக்க இயலவில்லை. என் அவசர புத்தியின் விளைவைத் தம் மகளின் விதியென்று ஏற்றுக்கொள்ள அவர் ஆயத்தமாக இருந்தார். நம்மவர் எத்தனை காரியங்களில், எத்தனை அலுவலக வாசல்களில், இவ்வாறு பிறருடைய பிழையைத் தம் தலையெழுத்தென்று சுமந்துகொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்!

பெண் அசையவில்லை. "அண்ணே, எங்கள் வீட்டில் தண்ணீர் வராவிட்டால் அம்மா ஒரு முறை வைத்திருக்கிறார்கள்," என்றாள். "முதலில் சமையற்கட்டுக் குழாயைத் திறப்பார்கள். பிறகு குளியலறைக் குழாய். பிறகு பக்கத்து வீட்டுக் குழாய். அங்கே வந்தால் தொட்டிக்குப் போகமாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே தேடுவார்கள். பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால்தான் தொட்டிவரை நடப்பார்கள். அதைப்போலவே இதையும் பார்க்கலாமா?"

கல்லூரியில் பிணையங்களைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் படித்தவன் நான். அப்பாடத்தின் சாரம் முழுவதும் லயத்துத் தண்ணீர்க் குழாயில் இருந்தது. அருகிலிருப்பதை முதலில் சோதி. ஒவ்வோர் அடியாக வெளியே செல். நலமாயிருக்கும் பகுதியைத் தொடாதே. இதற்குமேல் எந்த நூலிலும் இல்லை. கட்டளைகள் எனக்குத் தெரிந்திருந்தன. வரிசை அவளிடம் இருந்தது.

முதலில் என் பிழையைத் திருத்தவேண்டியிருந்தது. கணக்கெழுதுபவனுக்குரிய ஒரு நற்பழக்கம் அங்கே கைகொடுத்தது. தொடர்பு கொடுக்கப்பட்ட நாளில் நிறுவனத்தின் ஆள் எழுதிக் காட்டிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மின்கட்டணக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பதிந்து வைத்திருந்தேன். ரவுட்டரின் அடிப்புறத்துச் சீட்டில் அதன் தொடக்கப் பெயரும் திறவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு அதனுள் நுழைந்து, குறிப்பேட்டில் உள்ளவாறு எழுத்துப் பிசகாமல் பதித்தேன். பெண் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சொன்னாள். ஒன்பது மணி அளவில் இணைய விளக்கு எரிந்தது. மனைவியின் கைபேசியில் இணையம் வந்தது. கணினியில் மட்டும் அதே சிவப்பு அடையாளம்.

"பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறது," என்றாள் பெண். "இனி நம் வீட்டுக்குள் பார்க்கலாம். ஒன்றும் முடியாவிட்டால் கோப்புகளைக் கைபேசிக்கு மாற்றி அதிலேயே அனுப்பிவிடலாம்."

இனி நாங்கள் செய்த சோதனைகளைச் சிறிது விளக்குவேன். விடியற்காலைப் பெரட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் அன்றைய எண்ணையும் வேலையிடத்தையும் பகிர்ந்து கொடுப்பது கிராணியின் கடமை. வீட்டு ரவுட்டரும் அவ்வாறே தன்னிடம் வந்து நிற்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரியை வழங்குகிறது. அம்முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். வீடுகளில் அவ்வெண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வெளியுலகில் வழங்காமல் உட்புழக்கத்திற்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்ட எண்களுள் அதுவும் ஒரு வகை. பெரட்டிற்கு வந்தும் கிராணியைக் காணாத ஆள், தானே ஒரு சீட்டில் எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் எப்படியோ, அப்படியே ரவுட்டரின் விடை கிடைக்காத கணினி 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து "ஐபிகான்பிக்" என்று தட்டினால் இவ்வெண்ணைக் காணலாம். 169.254 என்று கண்டால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலேதான் பழுது. கம்பியையோ கம்பியில்லா இணைப்பையோ பார்க்கவேண்டும். எங்களுக்கு 192.168 என்றே வந்தது. பெரட்டில் பெயர் விழுந்துவிட்டது என்று கொண்டோம்.

அடுத்தது "பிங்" என்னும் கட்டளை. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்பதுபோல், ஒரு முகவரிக்குச் சிறு செய்தியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை இது அளக்கும். நாங்கள் நான்கு இடங்களுக்கு அனுப்பினோம். முதலில் 127.0.0.1, அது கணினி தன்னைத்தானே அழைத்துப் பார்ப்பது. விடை வந்தது. இரண்டாவது ரவுட்டரின் எண்; விடை வந்தது. மூன்றாவது 8.8.8.8, கூகுள் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பெயரேட்டின் முகவரி அது, எளிதில் நினைவில் நிற்பதால் சோதனைக்குப் பலரும் அதனைக் கொள்வர். அதற்கும் விடை வந்தது. தோட்டத்தின் வாயிலைத் தாண்டி வெளியுலகம்வரை வழி திறந்திருந்தது.

நான்காவது, எண்ணை விட்டுப் பெயரைக் கொண்டு அழைப்பது. இதன் காரணம் தோட்டத்தாருக்கு நான் சொல்லவேண்டுவதில்லை. நமது தோட்டங்களுக்குப் பலகையில் எழுதிய ஆங்கிலப் பெயர் ஒன்று. நம் முன்னோர் இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. தபால்காரருக்கு இரண்டும் தெரிந்திருந்தால்தான் கடிதம் வந்துசேரும். இணையத்திலும் மனிதர் பெயரைச் சொல்கிறார்கள். யந்திரங்களோ எண்ணையே அறியும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏட்டிற்கு டி.என்.எஸ். என்று பெயர், 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அதனை வகுத்தார். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு விடை வராவிட்டால், அவ்வேட்டிலேதான் பழுது. எங்களுக்குப் பெயருக்கும் விடை வந்தது.

நான்கும் தேறிவிட்டன. கம்பி அறவில்லை, ரவுட்டர் கெடவில்லை, பெயரேடு தொலையவில்லை. இணையம் போகவே இல்லை! மாலைமுதல் நான் "போய்விட்டது" என்று பறைசாற்றிய பொருள் அங்கேயேதான் இருந்தது. எனினும் பக்கங்கள் திறக்கவில்லை. மணி ஒன்பதரை. நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, அந்தச் சிவப்பு அடையாளத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள் அவள். "நீங்கள் சீக்கிரம் மூடிவிடுகிறீர்கள். என்னால் படிக்க முடியவில்லை."

நான் மறுபடியும் பக்கத்தைத் திறந்து, கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டுப் படித்தேன். ஐந்தாறு எளிய ஆங்கிலச் சொற்கள். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்பது அவற்றின் பொருள்.

இருவரும் ஒருங்கே திரையின் வலது மூலையைப் பார்த்தோம். அங்கே 2012ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் என்றிருந்தது.

நேயர்களே, காரணம் இதுதான். இணையப் பக்கங்களில் பெரும்பாலானவை இன்று தம்மை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. முகவரியின் பக்கத்தில் பூட்டுப்போல் ஓர் அடையாளம் காண்பது அதனாலேதான். அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புதிதாக வழங்கப்படுவன 398 நாட்களுக்கு மேற்படலாகாது என்று கட்டுப்பாடு வந்தது. அக்காலம் மேலும் குறுக்கப்பட்டு வருகிறது. சான்றிதழைச் சரிபார்க்கும் கணினி தன் கடிகாரத்தை நம்பியே அதனைச் செய்கிறது. வாயிற்காவல் புரியும் ஜாகா ஒருவர் 2012ஆம் ஆண்டின் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வாண்டுச் சீட்டுடன் வருவோரையெல்லாம் "இச்சீட்டின் நாள் இன்னும் பிறக்கவில்லை" என்று திருப்பியனுப்பினால் என்னாகும்? சாலை திறந்திருக்கும், சீட்டு செல்லுபடியாகும், ஆயினும் ஒருவரும் உள்ளே நுழைய முடியாது.

கடிகாரம் எவ்வாறு பின்தங்கியது? கணினியின் உள்ளே வட்ட வடிவான ஒரு சிறு மின்கலம் உண்டு. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடையது என்பதை அவ்வெண்ணே சொல்லும். மின்சாரம் முற்றும் நின்ற வேளையில் நாளையும் நேரத்தையும் காத்து நிற்பது அதன் வேலை. என் கணினி பழையது. மின்கலம் எப்போதோ உயிரிழந்துவிட்டது. ஆயினும் செருகி சுவரில் இருந்தவரை, கணினியை அணைத்தாலும் சுவரிலிருந்து வரும் சிறிதளவு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. ஆகையால் மின்கலம் இறந்தது எனக்குத் தெரியவில்லை. அன்று பிற்பகல் முன்னெச்சரிக்கையாகச் செருகியைப் பிடுங்கியவன் நான். அக்கணமே கடிகாரம் நின்று, தொழிற்சாலையில் பதித்த முதல் நாளுக்குத் திரும்பிவிட்டது. கரிய திரையில் தோன்றிய இரண்டு வரியும் அதனைத்தான் சொல்லின: நாளும் நேரமும் பதியப்படவில்லை என்று. இணையத்தின் வழியே நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. ஆனால் பிழை 15 மணி நேரத்திற்கு மேற்பட்டால் வீட்டுக் கணினிகளில் அது வழக்கமாகத் தலையிடுவதில்லை. என்னுடையதோ பத்தாண்டுகளுக்கு மேல் பிசகியிருந்தது.

நாளையும் மணியையும் கையால் திருத்தினேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை. பக்கம் திறந்தது. பெண் நாற்காலியில் அமர்ந்து தானே எஞ்சியவற்றை நிரப்பிச் சான்றிதழ்களை ஏற்றினாள். 10.20க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததென்று எண்ணுடன் அறிவிப்பு வந்தது. அவளுடைய தந்தை அந்த எண்ணைத் தம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அச்செடுத்துத் தருகிறேன் என்று சொன்ன பின்னரும் எழுதிக்கொண்டார்.

அவர்கள் சென்றபின் நான் நெடுநேரம் உறங்கவில்லை. அன்று மாலை அவ்யந்திரம் இருமுறை என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தது. இரண்டும் ஆங்கிலம், நான் பெருமை பாராட்டும் மொழி. தோட்டத்தில் அதனைத் தங்குதடையின்றிப் படிக்கவல்ல சிலருள் நானும் ஒருவன். அக்காரணத்தினாலேயே நான் படிக்கவில்லை. "இது எனக்குத் தெரிந்ததுதான்" என்ற எண்ணம் எழுத்துக்கும் கண்ணுக்கும் நடுவே திரையாக நின்றது. மொழி தெரியாதவன் ஒரு சொல்லையேனும் எழுத்துக்கூட்டிப் பார்ப்பான். தெரிந்ததாக நினைப்பவனுக்கு அந்த வேலையும் இல்லை. அந்தப் பெண் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் படித்தவள். ஆங்கிலம் சற்றுத் தடுமாறியே பேசுவாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவள் வெட்கப்படவில்லை.

மற்றொன்றும் என்னை உறுத்திற்று. திரையின் அடியில் நான் ஒட்டிய தாள் அவள் நாற்காலியில் அமர்ந்தபோது அவள் கண்ணெதிரே இருந்தது. அதனைப் படித்தாளோ இல்லையோ, நான் அறியேன். என் பாட்டனாரை மிதிவண்டியிலிருந்து இறக்கிய கிராணி எவரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரும் தம்மை ஒரு ஒழுங்கைக் காப்பவராகவே எண்ணியிருப்பார், ஒரு குவளை மைலோ கவிழ்ந்ததற்காக நான் எண்ணியதுபோல். கணினி 2012ஆம் ஆண்டிற்குப் போனதை ஒரு நிமிடத்தில் திருத்தினேன். நான் அதற்கும் முந்தின ஆண்டொன்றில் நின்றுகொண்டிருந்ததைக் காட்ட எந்தத் திரையிலும் சிவப்பு அடையாளம் தோன்றவில்லை. மறுநாட்காலை அத்தாளைக் கிழித்தெடுத்தேன். பசை காய்ந்து போயிருந்ததால் அதன் அடையாளம் இன்னும் அங்கே இருக்கிறது.

அவ்வாரமே பட்டணத்தில் ஒரு புதிய மின்கலம் வாங்கினேன், சில வெள்ளிதான். பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தியவள் அவளே. நான் விளக்குப் பிடித்தேன்.

வீட்டில் இணையம் வைத்திருப்போர் மனத்தில் இருத்தவேண்டிய வரிசை இது. முதலில் திரையில் வந்த அறிவிப்பை முழுவதும் படியுங்கள். மொழி புரியாவிட்டால் படித்துச் சொல்லும் ஒருவரை அழையுங்கள். அடுத்து, வீட்டிலுள்ள வேறொரு கருவியில் தொடர்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரவுட்டரைத் தொடாமல் பழுதுபட்ட கருவியையே ஆராயுங்கள். எதிலும் வராவிட்டால் ரவுட்டரின் விளக்குகளையும் கம்பிகளையும் கவனித்து, அதனை அணைத்து அரை நிமிடம் கழித்து ஏற்றுங்கள். ஊசித்துளையைக் கடைசிவரை நாடாதீர்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இல்லாமல் ஒருபோதும் நாடாதீர்கள். அவ்விரண்டையும் இன்றே ஓர் ஏட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கணினியில் மட்டும் தொடர்பு இல்லையெனில் அதன் எண், ரவுட்டர், வெளியுலகம், பெயரேடு என்று அருகிலிருந்து தொலைவிற்குச் செல்லுங்கள். யாவும் சரியாக இருந்து பக்கங்கள் மட்டும் மறுத்தால், நாளையும் மணியையும் பாருங்கள். பிள்ளைகளைத் திட்டுவதற்கு இவ்வரிசையில் இடமில்லை.

அந்தப் பெண்ணுக்கு அவ்வகுப்பில் இடம் கிடைத்ததா என்று நேயர்கள் கேட்பீர்கள். கிடைக்கவில்லை. விண்ணப்பித்தோர் பலர், இடங்கள் சில. அவள் இப்போது பட்டணத்துப் பள்ளியொன்றில் ஆறாம் படிவம் படிக்கிறாள். செய்தி வந்த நாளன்று அவளுடைய தந்தை என்னிடம் வந்து, "போகட்டும் ஐயா, விண்ணப்பமாவது போய்ச் சேர்ந்தது," என்றார். அவ்வாறு போய்ச் சேராமல் இருப்பதற்கு நான் எத்தனை முயற்சி செய்தேன் என்பதை அவர் அறிவாரோ, அறியாரோ! எனினும் இம்முறை அவர் தலையெழுத்து என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் அவள் என் வீட்டு முன்கூடத்தில் லயத்துப் பிள்ளைகளைச் சூழ வைத்துக்கொண்டு கணினியைக் கற்பிக்கிறாள். குவளைகளுக்குத் திண்ணையில் தனி இடம் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுள் ஒருவன் சென்ற வாரம் என்னை "ஐயா" என்றழைத்தபோது, "அண்ணே என்று சொல்," என்று அவள் திருத்தினாள். நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.